முதுமை, நாட்பட்ட நோய், இயலாமை: காரைதீவுக் கரையோரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சங்கப் புலவர்களுள் முதுமையின் தளர்ச்சியைப் பாடியோரை எண்ணும்போது தொடித்தலை விழுத்தண்டினார் உடனே நினைவுக்கு வருவர். நீர்த்துறை மரத்தின் கிளையிலேறி ஆழ்நீரிற் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையையும், கோலூன்றி நடுங்கி இருமல்களுக்கிடையே சில சொற்களைப் பேசும் முதுமையையும் புறநானூற்றிலுள்ள அவரது பாடல் எதிரெதிரே நிறுத்துகிறது. புலவரின் இயற்பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றிய கோலைக் குறித்த சொற்றொடரே பெயராக நிலைத்துவிட்டது. மனிதனின் பெயரை அவனது தளர்ச்சி விழுங்கிவிடும் இந்நிகழ்ச்சி சங்க காலத்துடன் முடிந்துவிட்டதன்று. இன்றும் எமது ஊர்களிலே பாரிசவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தவரும், நீரிழிவினாற் காலை இழந்தவரும் தம் பெயராலன்றித் தம் குறையாலேயே சுட்டப்படுவதைக் கேட்கிறோம்.

குதித்த இளைஞனுக்கும் கோலூன்றிய முதியவனுக்கும் இடையில் நிகழ்ந்தது என்ன என்பதைக் கவிதை கூறவேண்டிய தேவையில்லை. ஆய்வு கூறவேண்டும். "வயது போனால் அப்படித்தான்" என்பது எமது மக்களிடையே வழங்கும் விடை. கிராமத்து வீடுகளில் மட்டுமன்றி, சிலவேளை வைத்தியசாலை வராந்தாக்களிலும் இதே விடை வழங்கப்படுகிறது. முதியோரின் இயலாமை வயதின் இயல்பான விளைவு எனக் கொள்ளும் இக்கருத்து, வரலாற்றால் உருவாகியதை இயற்கையின் நியதியாகக் காட்டுவது. அந்த வகையில் அது ஒரு கருத்துநிலையாகும். முதுமையில் ஏற்படும் இயலாமையின் பெரும்பகுதி நாட்பட்ட நோய்களின் வழியே வருகிறது என்பதையும், நோய் இயலாமையாக மாறும் பாதையைச் சமூக உறவுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதையும் விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கருத்தாக்கங்களின் வரலாறு

இயலாமை என்ற சொல்லை வரையறுக்காமல் மேலே செல்லமுடியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் சாட் நாகி 1965ஆம் ஆண்டளவில் நான்கு படிகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, உடலினுள்ளே செயற்படும் நோய். இரண்டாவது, அந்நோயால் ஓர் உறுப்புக்கு ஏற்படும் பழுது. மூன்றாவது, நடத்தல், குனிதல், பிடித்தல் போன்ற செயல்களில் ஏற்படும் மட்டுப்பாடு. நான்காவது, சமூகத்தில் ஒருவர் வகிக்கவேண்டிய பாத்திரத்தை வகிக்கமுடியாத நிலை. இந்த நான்காவது படியையே நாகி இயலாமை எனக் கொண்டார். 1994இல் வெர்புறூகி, ஜெற் ஆகிய இருவரும் இதனை விரித்து, இயலாமை ஒரு நிலையன்று, ஒரு செயல்முறை என நிறுவினர். ஒருவரின் ஆற்றலுக்கும் அவரது சூழல் அவரிடம் கோருவதற்கும் இடையிலுள்ள இடைவெளியே இயலாமை என்பது அவர்களது கருத்தின் சாரம்.

இதற்கு முன்னரே, 1976இல், உடற்பழுதுற்றோர் தாமே அமைத்த பிரித்தானிய அமைப்பொன்று மேலும் ஒருபடி சென்றது. உடற்பழுது வேறு, இயலாமை வேறு எனவும், பழுதுற்றோரை ஒதுக்கிவைக்கும் சமூக ஒழுங்கமைப்பே அவர்களை இயலாதோராக்குகிறது எனவும் அது வாதிட்டது. மைக்கல் ஒலிவர் 1990இல் வெளியிட்ட நூலில், கைத்தொழில் முதலாளித்துவம் கூலியுழைப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதோரை உற்பத்தியிலிருந்து வெளியேற்றிய வரலாற்றுடன் இவ்வாதத்தை இணைத்தார். உலக சுகாதார தாபனம் 2001இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடும் உடல், செயல், பங்கேற்பு, சூழல் ஆகியவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தியே இயலாமையை நோக்குகிறது.

ஓர் எச்சரிக்கை இவ்விடத்திலே அவசியமாகும். உடலை முற்றாக மறந்து, யாவும் சமூகமே எனக் கூறுவது வறட்டுவாதமாகும். முழங்கால் நோவு ஒரு கருத்தன்று. மூச்சு முட்டுபவனுக்கு மூச்சு முட்டவே செய்கிறது. உடலும் பொருளாயத உலகின் ஒரு பகுதியே என்பதை மறக்கும் பொருள்முதல்வாதம் தன் பெயருக்கே மாறானது.

2. களமும் அதன் உழைப்பும்

விபுலாநந்த அடிகள் (1892–1947) பிறந்த காரைதீவு, வடக்கே சாய்ந்தமருதுக்கும் தெற்கே நிந்தவூருக்கும் இடைப்பட்ட கரையோர ஊர். மாளிகைக்காடு, மாவடிப்பள்ளி ஆகிய முஸ்லிம் ஊர்களும் காரைதீவுப் பிரதேசத்தினுள் அடங்குவன. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் நீர்ப்பாசனமும் இப்பகுதியின் நெற்செய்கையையும் நிலவுடைமையையும் ஆழமாகப் பாதித்தன. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இக்கரையோரத்து உழைப்பாளரின் வாழ்க்கை இரண்டு மூன்று தொழில்களைச் சுற்றியே அமைந்தது. வயலில் கூலிவேலை, கரைவலை இழுத்தல், வடக்கே மருதமுனையில் கைத்தறி என்பன அவை. வீட்டினுள்ளே பெண்கள் நெல்லவித்தனர், விறகடுப்பிற் சமைத்தனர், பாயிழைத்தனர்.

இவ்வுழைப்புகள் ஒவ்வொன்றும் உடலில் தம் எழுத்தைப் பொறிக்கின்றன. கரைவலையின் கயிற்றைப் பிடித்து மணலிற் குதிகாலூன்றிப் பின்னோக்கி இழுப்பவனின் இடுப்பும் முழங்காலும், சேற்றில் நாள்முழுதும் குனிந்து நிற்பவரின் முதுகும், பல்லாண்டு தறியில் அமர்ந்தவரின் கண்ணும் தோளும், அடுப்புப் புகையைச் சுவாசித்த பெண்ணின் நுரையீரலும் அறுபது வயதை அடையும்போது வெறும் அறுபது வயதை மட்டும் சுமந்து நிற்பதில்லை. எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் பற்றி எழுதியபோதும், மார்க்ஸ் 1867இல் மூலதனத்தின் முதற் பாகத்திலே வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மட்பாண்டத் தொழிலாளரைக் குறித்து வைத்தியர்கள் அளித்த சாட்சியங்களை எடுத்தாண்டபோதும் சுட்டிக்காட்டிய உண்மை இதுதான். உழைப்பாளன் ஆண்டுகளால் மட்டும் முதுமையடைவதில்லை. உழைப்பின் நிபந்தனைகளாலும் முதுமையடைகிறான்.

3. நோய் இயலாமையாக மாறும் வழி

நாட்பட்ட நோய் என்பது திடீரெனத் தோன்றிச் சில நாட்களில் மாறுவதோ கொல்வதோ அன்று. அது ஆண்டுக்கணக்கில் உடலிற் குடியிருப்பது. மக்கள் சீனி வருத்தம் என அழைக்கும் நீரிழிவை எடுத்துக்கொள்வோம். குருதியிற் கட்டுப்பாடின்றி உயர்ந்துநிற்கும் குளுக்கோசு நுண்ணிய குருதிக்கலங்களையும் நரம்புகளையும் மெல்லமெல்லச் சேதப்படுத்துகிறது. விழித்திரை சேதமுறும்போது பார்வை மங்குகிறது. பாதத்து நரம்புகள் சேதமுறும்போது உணர்ச்சி குன்றுகிறது. உணர்ச்சியற்ற பாதம் முள்ளையோ சிப்பி ஓட்டையோ அறிவதில்லை. வெறுங்காலுடன் வரப்பிலும் கடற்கரையிலும் நடப்பவருக்கு ஒரு சிறு காயம் ஆறாப் புண்ணாகிறது. குருதியோட்டமும் குன்றியிருப்பின் விரலையோ காலையோ அகற்றவேண்டிய நிலை வருகிறது. நோயின் தொடக்கத்துக்கும் காலிழப்புக்கும் இடையே பல ஆண்டுகள் உள்ளன. அவ்வாண்டுகளில் ஒழுங்கான மருந்து, ஒரு சோடிப் பொருத்தமான செருப்பு, பாதத்தை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் அறிவு, ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை ஆகியவை இருந்திருந்தால் பாதையின் திசை பெரும்பாலும் மாறியிருக்கும். ஆகவே காலிழப்பை நோயின் இறுதிக்கட்டம் என்று மட்டும் கூறுதல் போதாது. தடுத்திருக்கக்கூடியவை பல தடுக்கப்படாமற்போனதன் தொகுப்பு அது.

உயர் குருதியமுக்கம் வேறு விதமாகச் செயற்படுகிறது. அது பெரும்பாலும் வலிப்பதில்லை, எனவே முறையிடப்படுவதுமில்லை. ஒருநாள் பாரிசவாதமாக வெளிப்படும்போதுதான் வீட்டார் அதன் இருப்பை அறிகின்றனர். மூட்டுவாதம் கொல்வதில்லை, அதனால் மரணப் புள்ளிவிபரங்களில் இடம்பெறுவதுமில்லை. ஆயினும் முதியோரின் நடமாட்டத்தைக் குறைக்கும் காரணிகளுள் அதுவே முதன்மையானவற்றுள் ஒன்று. கண்புரை ஒரு சிறு சத்திரசிகிச்சையால் நீக்கத்தக்கது. நீக்கப்படாவிடின் அது குருட்டாட்டமாகிறது. நாட்பட்ட சுவாச நோயும் இதய பலவீனமும் நடக்கக்கூடிய தூரத்தை முற்றத்தளவுக்குக் குறுக்கிவிடுகின்றன. மறதிநோயும் உளச்சோர்வும் உடல் வலுவுடன் இருக்கையிலேயே தன்னைத்தான் பராமரிக்கும் ஆற்றலைக் குலைக்கக்கூடியன.

இவற்றினூடே ஒரு நச்சுவட்டம் இயங்குவதை நாம் காணலாம். முழங்கால் நோவதால் முதியவர் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காததால் தொடைத்தசை மெலிகிறது. தசை மெலிந்ததால் மூட்டின்மீது சுமை கூடுகிறது, விழும் அபாயமும் கூடுகிறது. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழுவோமென அஞ்சி வீட்டினுள் அடங்குகிறார். உடலுழைப்பின்மையால் நீரிழிவும் குருதியமுக்கமும் மோசமடைகின்றன. நோய் இயலாமையைத் தோற்றுவிக்கிறது. இயலாமை நோயை வளர்க்கிறது. காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் மாறும் இவ்வியக்கத்தை நேர்கோட்டுச் சிந்தனையால் விளங்கிக்கொள்ள முடியாது.

மேலும், முதியோரிடத்தே நோய்கள் தனித்து வருவதில்லை. மங்கிய பார்வையை மட்டும் உடையவர் தடவித் தடவி நடப்பார். மூட்டுவாதம் மட்டும் உடையவர் பார்த்துப் பார்த்து நடப்பார். இரண்டும் சேர்ந்தவர் நடப்பதையே கைவிடுவார். இங்கு ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாவதில்லை. அளவு மாற்றம் குறிப்பிட்ட ஓர் எல்லையில் பண்பு மாற்றமாகிறது. உடலின் சேமிப்பு ஆற்றல் கரைந்துகொண்டே வந்தாலும் வெளியே எதுவும் தெரிவதில்லை. பாயிலிருந்து எழுவதற்குத் தேவையான வலுவுக்குச் சற்றுக் கீழே தொடைவலு இறங்கிய அன்று, நேற்றுவரை எழுந்தவர் இன்று எழமுடியாதவராகிறார். ஒரு வாரக் காய்ச்சற் படுக்கைகூட அந்த எல்லையைக் கடக்கவைக்கப் போதுமானது. வீட்டார் அதனைத் திடீர் வீழ்ச்சி என்பர். உண்மையில் அது நெடுங்காலத் தேய்வின் வெளிப்பாடே.

பாயிலிருந்து எழுதல் என்ற உதாரணத்தை வேண்டுமென்றே எடுத்தோம். குளித்தல், உடுத்தல், மலசலகூடம் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுதல், உண்ணல் முதலியவற்றைக் கொண்டு இயலாமையை அளக்கும் முறையை அமெரிக்க வைத்தியர் கற்ஸ் 1963இல் வகுத்தார். அது கட்டிலும் கதிரையும் உள்ள வீட்டை அடிப்படையாகக் கொண்டது. எமது வீடுகளில் தரையிலமர்ந்து உண்பதும், குந்தியிருந்து மலங்கழிப்பதும், கிணற்றில் நீரள்ளிக் குளிப்பதும் வழக்கமாயிருந்தன. தொழுகையிற் சிரம் தாழ்த்தி எழுவதும் கோயில் வீதியை வலம்வருவதும் சமூகத்தின் உறுப்பினர் என்ற நிலையோடு பிணைந்தவை. ஒரே முழங்கால் ஒரு வீட்டில் சிறு தொல்லை, மற்றொரு வீட்டில் முழு இயலாமை. கதிரை போன்ற ஒரு மலசலகூட இருக்கையும், சுவரிற் பொருத்திய ஒரு கைபிடிச் சட்டமும் அந்த முழங்காலை மாற்றுவதில்லை. ஆனால் அதற்குரியவரின் வாழ்வை மாற்றுகின்றன.

4. சொத்து, வர்க்கம், பெண்

ஒரே அளவு பாரிசவாதம் இருவரைத் தாக்குகிறது எனக் கற்பனை செய்வோம். ஒருவர் பல ஏக்கர் வயலுடைய போடியார். மற்றவர் அவ்வயலிலே கூலிக்கு நின்றவர். போடியாரின் குத்தகை வருமானம் அவரது வலக்கை அசைவதைப் பொறுத்ததன்று. அவர் தனியார் வைத்தியரை நாடலாம், இயன்மருத்துவரை வீட்டுக்கு அழைக்கலாம், ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தம்மை நடத்துவிக்கலாம். அவரது சொல் குடும்பத்திலும் கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகத்திலும் தொடர்ந்து எடுபடும். கூலியாளுக்கோ உடலே ஒரேயொரு உற்பத்திச் சாதனம். அது செயலிழந்த அன்றே அவர் வருமானத்தையும் குரலையும் ஒருங்கே இழக்கிறார். இருவருக்கும் நோய் ஒன்று, இயலாமை இரண்டு.

கிழக்கிலங்கையின் தாய்வழி மரபு இப்பிரச்சினைக்கு ஒரு தனித்தன்மையை அளிக்கிறது. தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் மகளின் திருமணத்தின்போது வீடு அவளுக்குச் சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இப்பகுதியின் வழக்கம். பெற்றோர் தமது சொத்தைத் தம் வாழ்நாளிலேயே கைமாற்றிவிட்டு மகளின் வளவிலோ அருகிலோ ஒதுங்குகின்றனர். இவ்வொழுங்கில் முதியோருக்கு ஒரு காப்பு உண்டு. பராமரிப்பவள் மருமகளல்லள், மகள். எனினும் இக்காப்பு முழுவதும் மகளின் ஊதியமற்ற உழைப்பின்மீது கட்டப்பட்டது. கடந்த சில தசாப்தங்களில் இக்கரையோரத்துப் பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணியாளராகச் சென்றுள்ளனர். வளைகுடாவின் செல்வக் குடும்பங்களில் அந்நிய முதியோரையும் குழந்தைகளையும் பராமரிக்கும் அதே கைகள், ஊரிலே தம் தாயின் புண்ணுக்கு மருந்துகட்ட இல்லாமற்போகின்றன. பராமரிப்பும் ஒரு பண்டமாகி ஏற்றுமதியாகும் இந்நிலையை 'பிள்ளைகள் நன்றி மறந்தனர்' என்ற ஒழுக்கப் புலம்பலால் விளக்கமுடியாது.

பெண்களின் நிலை இன்னொரு விதத்திலும் கவனத்துக்குரியது. அவர்கள் ஆண்களைவிட நீண்டகாலம் வாழ்கின்றனர். அவ்வாழ்வின் மேலதிக ஆண்டுகளில் பலவற்றை இயலாமையுடனும் கைம்மையுடனும் கழிக்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதோவொரு சிரமமுடையோராகக் கணிக்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 57 பேர் பெண்கள். பார்வைக் குறைபாடு முதலிடத்தையும் நடமாட்டக் குறைபாடு இரண்டாமிடத்தையும் பெற்றன. நாட்பட்ட நோய்கள் நேரடியாகத் தாக்கும் ஆற்றல்கள் இவ்விரண்டுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

5. எண்ணப்படாதோர்

எண்கள் பேசுகின்றன. எண்ணப்படாதோர் பற்றி எண்கள் மௌனம் சாதிக்கின்றன. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவு பற்றி நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நோய் உண்டெனவும், நோயுடையோரில் மூன்றிலொரு பங்கினருக்கு அது தமக்கிருப்பதே தெரியாதெனவும் காட்டியது. யுத்தகாலமாகையால் வடக்கும் கிழக்கும் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. அதாவது நாட்டின் நீரிழிவுச் சித்திரம் வரையப்பட்டபோது காரைதீவின் முதியவர் அதில் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் அவர் வேறொரு கணக்கில் இடம்பெற்றார். ஆழிப்பேரலையின் பின்னர் அம்பாறை மாவட்டத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்த குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, இருபதுகளில் இருந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரும், ஐம்பது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரும் இறந்ததாகக் காட்டியது. சிறு குழந்தைகளின் நிலை இதனினும் கொடியது. பெண்களின் இறப்பு ஆண்களினதைப் போல் இருமடங்குக்கும் மேல். அலை வயதைக் கேட்டு வரவில்லை. ஓட முடிந்ததா, மரத்தையோ கூரையையோ பற்ற முடிந்ததா, தூக்கிச்செல்ல ஒருவர் இருந்தாரா என்பவையே வாழ்வையும் சாவையும் பிரித்திருக்கும் எனக் கருதுதல் தவறாகாது. வீட்டுத் திண்ணையில் மறைந்துகிடந்த முழங்கால் நோவும் கண்புரையும் அன்று காலை சில நிமிடங்களில் உயிர்ப் பிரச்சினையாயின. இயலாமை ஒரு தனிமனிதத் துன்பம் மட்டுமன்று என்பதற்கு இதனிலும் கொடிய சான்று வேண்டியதில்லை.

6. நிறுவனங்களும் செய்யவேண்டியதும்

1981இல் இலங்கையின் சனத்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் அவர்கள் 12.4 பேர். மூன்று தசாப்தங்களில் ஏறத்தாழ இருமடங்கு. இது இலவச மருத்துவமும் இலவசக் கல்வியும் தாய்சேய் நலமும் ஈட்டிய வெற்றி. மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளின் பயன். ஆயுள் நீள்வதால் நோயுற்ற ஆண்டுகளே நீளுமென 1977இல் குறூன்பேர்க் அஞ்சினார். நோய்க்காலத்தை வாழ்வின் இறுதிச் சில ஆண்டுகளுள் சுருக்கலாமென 1980இல் ஃபிறைஸ் நம்பினார். இரண்டுள் எது நிகழும் என்பது உயிரியலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று.

எமது பொது வைத்தியசேவை தொற்றுநோய்களையும் மகப்பேற்றையும் எதிர்கொண்ட காலத்தில் உருவாகியது. கல்முனையிலே இரு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. மாதாந்தக் கிளினிக்குக்கு விடியற்காலையிற் சென்று இலக்கம் எடுத்து, நீண்டநேரம் காத்திருந்து, ஒருமாத மாத்திரைகளுடன் திரும்புவதே நாட்பட்ட நோயாளரின் அனுபவம். வறியவருக்கு இச்சேவை உயிர்நாடி. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அதன் பெறுமதியை யாவரும் உணர்ந்தோம். ஆயினும் நோயாளி எழுந்து நடக்கிறாரா, தானே உடுத்துகிறாரா, கடைசியாக எப்போது விழுந்தார் என்ற வினாக்களுக்கு அங்கே நேரமில்லை. குருதியின் சீனி அளக்கப்படுகிறது. மனிதனின் இயக்கம் அளக்கப்படுவதில்லை. அன்றியும், கிளினிக்குக்குப் போகமுடியாத அளவுக்கு இயலாமை முற்றியவரே கிளினிக்கிலிருந்து முதலில் மறைந்துபோகிறார்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதிக்கிறது. 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவர்க்கும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இத்திட்டங்கள் தவணைப்பணம் செலுத்தியோருக்கே உரியவை. நிலமற்ற கூலியாளும் வீட்டிலே நெல்லவித்த பெண்ணும் எந்தப் பட்டியலிலும் விவசாயியாக இடம்பெறுவது அரிது. சட்டம் கடமையைக் குடும்பத்தின்மீது சுமத்துகிறது. அக்கடமையை நிறைவேற்றும் வழிவகையைக் குடும்பத்துக்கு அளிப்பதில்லை.

செய்யத்தக்கவை எட்டாத் தொலைவில் இல்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் கண்ணையும் பாதத்தையும் நடையையும் சோதித்தல், கண்புரைச் சிகிச்சையைத் தாமதமின்றி வழங்குதல், பாரிசவாதத்தின் பின் முதல் வாரங்களிலேயே இயன்மருத்துவத்தைத் தொடங்குதல், குடும்பநல உத்தியோகத்தர் தாயையும் சேயையும் வீடுதேடிச் சென்று பார்ப்பதுபோல் முதியோரையும் வீடுதேடிச் செல்லும் ஒரு பதவியை உருவாக்குதல், பராமரிப்பை உழைப்பென ஏற்று அதற்கு ஊதியம் வழங்குதல், அனர்த்த எச்சரிக்கைத் திட்டங்களில் நடக்கமுடியாதோரின் வீடுகளை முன்கூட்டியே குறித்துவைத்தல் என்பன அவற்றுட் சில. தாய்சேய் நலத்தில் இந்நாடு சாதித்துக்காட்டிய முறையியலே இதற்கும் போதுமானது. இல்லாதது முறையியலன்று, முன்னுரிமை. உழைத்துத் தேய்ந்த உடலுக்கு முன்னுரிமை அளிக்காத சமூகம், அவ்வுடல் உழைத்த நாளில் அதிலிருந்து எதைப் பெற்றுக்கொண்டது என்ற கணக்கை மறைக்க விரும்பும் சமூகமாகும்.

சங்கப் புலவர் தம் இளமைக்காக இரங்கினார். அது கவிதைக்கு உரிய இரக்கம். எமது காலத்து முதியோரைப் பொறுத்தவரை இரக்கம் போதாது. அவர்களிற் பலர் இழந்தது இளமையை மட்டுமன்று. இழக்கவேண்டியிராத பார்வையையும், இழக்கவேண்டியிராத காலையும், அவற்றோடு ஊரின் பொதுவாழ்விலே தமக்கிருந்த இடத்தையும் இழந்துள்ளனர். இயற்கை பறித்தது எவ்வளவு, சமூகம் பறித்தது எவ்வளவு எனப் பிரித்தறிவதே ஆய்வின் கடமை. பின்னதை மீட்டெடுப்பது அரசியலின் கடமை.